தாழி ஞானியும் பன்னிரண்டு அட்டைப்பெட்டிகளும்

ஆனி பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. நாரணாபுரத்து வானத்தில் பொட்டு மேகம் இல்லை. என் சட்டைக்குள் மட்டும் மழை. மேடை ஏறினால் எனக்கு அப்படித்தான்.

மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அப்பா, முதுமக்கள் தாழிகளை ஆராய்ந்த பேராசிரியர். கல்யாணத்துக்கு இன்னும் சரி சொல்லவில்லை. அவரைக் குளிர்விக்க, அவருடைய புத்தகத்துக்கு நானே வெளியீட்டு விழா எடுத்தேன். மண்டபம் நிறைய, என் மைத்துனரின் பட்டாசுக் கம்பெனி ஆட்களைப் பொங்கல் போட்டு அழைத்தேன். (தலைக்கு இரண்டு வடை. மூன்றாவது கேட்டவர்களை முறைத்தேன்.)

பேச்சில் அவரை ஒரு பழைய கிரேக்க ஞானியோடு ஒப்பிட்டேன். "அவர் தாழிக்குள்ளேயே குடியிருந்தார். நம் சம்பந்தி தாழியைத் தோண்டியே பேராசிரியரானார். இருவருமே யார் சொல்லையும் கேட்டதில்லை."

சம்பந்தியின் முகம் சுருங்கியது. சமாளிக்க, கையோடு கொண்டுவந்திருந்த அரிக்கேன் விளக்கை எடுத்தேன். அந்த ஞானி பட்டப்பகலில் விளக்கோடு நல்ல மனிதரைத் தேடி அலைந்தவர். நடித்தே காட்டிவிடலாம் என்று தீக்குச்சியை உரசி அதை ஏற்றினேன்.

முன்வரிசையில் மைத்துனர் எழுந்தார். "அத்தான், விளக்கை அணைங்க. பின்னால என்ன இருக்குன்னு பாத்தீகளா?"

"நல்ல மனுசரைத் தேடுறேன். உக்காருய்யா."

"ஏலே, மேடை பூரா வெடிச்சரக்குலே. ஓடுங்கலே" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

எனக்குப் பின்னால் பன்னிரண்டு அட்டைப்பெட்டிகள். எல்லாவற்றிலும் சரவெடிப் படம். தீயைக் கண்டால் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடப் பழகியவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். பேராசிரியர் மேடையிலிருந்து குதித்தார். அவர் வயதுக்கு அது பெரிய குதி. கணுக்கால் முறிந்தது. மைத்துனர் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

நான் மட்டும் ஓடவில்லை. பெட்டிகளுக்குள் இருந்தது அவருடைய புத்தகம். அச்சகத்தில் பெட்டிக்கு இருபது ரூபாய் தனியாகக் கேட்டார்கள். அதை மிச்சம் பிடிக்க, கம்பெனி வாட்ச்மேனிடம் காலிப்பெட்டிகளை இலவசமாக வாங்கியவன் நான்தான். விளக்கைத் தூக்கிப் பார்த்தேன். மண்டபத்தில் ஒரு மனிதர்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொன்னதும் பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன்.

"பொண்ணுகிட்ட ஒரு குறையும் இல்ல" என்றார் கடைசியில். "ஆனா முகூர்த்தத்தன்னைக்கு நீங்க தீப்பக்கம் வரக்கூடாது."

கல்யாணத்தில் குத்துவிளக்கு ஏற்றும்போது என்னை வாசலில் உட்கார வைத்தார்கள். இன்றும் கரண்ட் போனால் மாப்பிள்ளை முதலில் கேட்பது, "மாமா எங்கன இருக்காக?"

அட்டைப்பெட்டியில் மிச்சம் பிடித்தது இருநூற்று நாற்பது ரூபாய். மாவுக்கட்டு, உடைந்த நாற்காலிகள், ஜோடி சேராத செருப்புகள் எல்லாம் சேர்த்து என் செலவு பதினெட்டாயிரத்து அறுநூற்றுப் பத்து. வடை தனி.