அசையாதேங்கோ அண்ணை

ரொறன்ரோவில் படமெடுக்கத் தெரிந்த தமிழர் ஒரேயொருவர்தான். மற்ற எல்லோரும் கமரா வைத்திருப்பவர்கள். கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும். உங்கள் கலியாண அல்பங்களை நானும் பார்த்தவள்தான். ரோசாப் பூவுக்குள் மாப்பிள்ளையின் தலை.

அந்த ஒருவரின் சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. ஸ்காபரோ முழுக்க அவர் ‘அசையாதேங்கோ அண்ணை’. மண்டபத்துக்குள் நுழைந்தால் அவர் வாயில் அந்த ஒரு சொல்தான். மணமகளிடம் சொல்வார், சரி. ஐயரிடமும் சொல்வார். என் தங்கச்சியின் கலியாணத்தில் தாலி கட்டப் போன கை அந்தரத்தில் நின்றது. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பியபடி நின்றார்.

"நல்ல நேரம் போகுது" என்று ஐயர் பல்லைக் கடித்தார்.

"நேரம் போகட்டும் ஐயா, நீங்கள் அசையாதேங்கோ."

இப்படியே பல வருசம் ஓடியது. ஒருநாள் சாமத்திய வீடொன்றில், மெஷின் புகைக்குள்ளால் வயதுக்கு வந்த பிள்ளை பல்லக்கில் வந்துகொண்டிருக்கும்போது, மனிதர் கமராவை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு இருந்த கமராக்கள் எல்லாவற்றையும் விற்றார். மிசிசாகாவில் விமானச் சாப்பாடு பொதி செய்யும் இடத்தில் என்னோடு வேலைக்கு வந்தார். வெக்ஸ்போர்ட்டில் அவர் வீடு என் வழியில் இருந்தது. என் காரில் ஏறினார். அன்று பிடித்தது எனக்குச் சனி.

முதலில் வாயே திறக்கமாட்டார். பேரப்பிள்ளை பிறந்தது, ஒரு படம் எடுக்கவில்லை. அவர் மனைவி என்னிடம் அழுதார். "மனிசன் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்குது பிள்ளை. எனக்குப் பயமாக் கிடக்கு."

எனக்குச் சுற்றி வளைத்துக் கேட்க வராது. "என்னண்ணை, உங்களுக்குக் கண் தெரியேல்லையோ, விசரோ?" என்று கேட்டேன்.

"அண்டைக்கு மண்டபத்திலை நிக்கேக்கை ஃபோன் வந்தது தங்கச்சி. என்ரை சிநேகிதன் செத்துப்போனான். கண்ணீர் அஞ்சலிக்குப் படம் வேணுமாம்."

எங்கள் சனத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆள் செத்த பிறகுதான் படம் தேடுவோம். யார் வீட்டுக் கலியாணத்திலோ நின்ற படத்தில் தலையை வெட்டி எடுப்போம். தோளில் யாரோ ஒருவரின் கை மட்டும் மிஞ்சியிருக்கும்.

"அவன்ரை படம் என்னட்டைக் குவியலாக் கிடந்தது. கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கிற ஆள். ஒரு படத்திலையும் கை ஆடேல்லை. நான்தானே அசையாதை எண்டு சொன்னனான்."

ஆறுதல் சொல்லவும் எனக்கு வராது. "அப்ப இனி அசையிறதை எடுங்கோ" என்று ஏசிவிட்டு, முன்னால் குறுக்கே வந்தவனுக்கு ஹோர்ன் அடித்தேன்.

கொஞ்ச நாள் கழித்து 401 நெடுஞ்சாலையில் கார்கள் நகராமல் நின்றன. கண்ணாடியில் பனிக்குக் கொட்டிய ரோட்டு உப்பு படிந்து, அதில் வெயில் அடித்தது. வைப்பர் அரைவட்டம் போட்டுக்கொண்டிருந்தது. "உங்கடை ஃபோனைத் தாங்கோ" என்றார். மனைவியோடு கதைக்கப் போகிறார் என்று கொடுத்தேன். வைப்பரைப் படமெடுத்தார். அன்று மதியச் சாப்பாடு முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் ஃபோன் எனக்குக் கிடைத்தது வீடு திரும்பும்போதுதான்.

அதோடு ஆளைப் பிடிக்க முடியவில்லை. ட்ரையர் கண்ணாடிக்குள்ளால் சுழலும் சொக்ஸ். சாப்பாட்டுப் பெட்டி மூடியிலிருந்து வழியும் ஆவி. யாரோ தொலைத்து, யாரோ எடுத்து வேலியில் கொழுவிவிட்ட ஒற்றைக் கையுறை.

"மாப்பிள்ளைக் கையுறை வந்திட்டுது, பொம்பிளை எங்கை அண்ணை?" என்று வேலையிடத்துப் பெடியள் பகிடி பண்ணினார்கள்.

"தேடிக்கொண்டிருக்கிறன்" என்றார் முகம் முழுக்கச் சிரிப்போடு.

"இப்ப மனிசன் வீட்டிலை தங்கிறதே இல்லை" என்று மனைவி என்னிடம் குறை சொன்னார். குரலில் அவ்வளவு சந்தோசம்.

ஒரு காலை அவர் வீட்டு வாசலில் என் கார்க் கண்ணாடி ஐசைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவர் தன் ஃபோனை என் பக்கம் பிடித்தார். நான் பழக்கதோசத்தில் நிமிர்ந்து, தலைமயிரைச் சரிசெய்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அசையுங்கோ தங்கச்சி" என்றார்.

"வேலைக்குப் பிந்துது, வந்து சுரண்டுங்கோ" என்று கத்தினேன். எடுத்துவிட்டார்.

பிறகு எங்கள் பக்கத்து நூலகம் ஒரு சுவர் கொடுத்தது. ஒவ்வொரு படத்தையும் இரண்டு தரம் கழற்றி மாட்டினார். "சனம் சிரிச்சால் இதையும் விட்டிடுவன்" என்றார். விடுகிற ஆள்தான். ஒருக்கா விட்டவர்தானே. நான் ஸ்காபரோவின் கிழக்கு எல்லை ரூஜ் வரைக்கும் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஃபோன் அடித்து, வராவிட்டால் முகத்தில் முழிக்காதேங்கோ என்று மிரட்டினேன்.

வந்தார்கள். வந்ததும் படங்களில் தங்களைத் தேடினார்கள்.

"உதிலை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் நிக்கேல்லை அன்ரி."

"அப்ப ஏன் எடுத்தவர்?"

அண்ணை மெதுவாகக் கதிரையில் கிடந்த ஜக்கெற்றை எடுத்தார். நான் சண்டைக்குத் தயாரானேன். அப்போது கையுறைப் படத்துக்கு முன்னால் நின்ற ஒரு பெண் சொன்னார்: "உது என்ரை கையுறை."

எல்லோரும் திரும்பினார்கள்.

"பெருவிரலைப் பாருங்கோ. கறுப்பு நூல் இல்லாமல் பச்சை நூலாலை நான் தைச்சது. துலைஞ்சுபோச்செண்டு மற்றதையும் எறிஞ்சிட்டன்." படத்துக்கு இன்னும் கிட்டப் போனார். "ஆரோ எவ்வளவு கவனமாக் கொழுவி விட்டிருக்கினம்."

பிறகு பார்க்க வேண்டுமே. "உது எங்கடை பில்டிங் ட்ரையர்." "உது என்ரை மனிசன்ரை சொக்ஸ், ஓட்டையைப் பார்." சுவருக்கு முன்னால் இடிபட்டார்கள். சிரித்தார்கள், ஆனால் அது வேறு சிரிப்பு. அண்ணை ஜக்கெற்றைத் திரும்பக் கதிரையில் போட்டார். இவரை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவள் நான்தான் என்று நான் நூலகக்காரி உட்பட எல்லோரிடமும் சொன்னேன்.

என் படமும் இருந்தது. வாய் திறந்தபடி, சுரண்டுகிற கை அந்தரத்தில், ஐஸ் பறக்கிறது.

"கோபமோ தங்கச்சி?"

"ஓம்" என்றேன். இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

என் கண்ணீர் அஞ்சலிக்கு அந்தப் படத்தைத்தான் போட வேண்டும் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். "அம்மா, சீரியஸ்லி? ஏசுற படமா?" என்றாள். அதேதான். ஓரத்தில், பனியின் மேல், ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி அவருடைய நிழல் விழுந்திருக்கிறது. அதை வெட்டக் கூடாது என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.