மூக்கு மாமாவும் புகார் ஆப்பும்

மூக்கு மாமாவின் நிஜப் பெயர் என்ன? திருவொற்றியூரில் அவருக்கு எதிர் வீட்டில் குடியிருந்தும் எனக்கு இன்றுவரை விடை தெரியாது. ஆனால் எண்ணூர் வரை எந்தத் தொழிற்சாலை மூச்சு விட்டாலும் முதலில் தெரிவது அவருக்குத்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாசலில் நின்று மூக்கை நீட்டி, "வந்துகினு கீதுபா, கதவ சாத்து!" என்பார். தெருவே சாத்தும். ஒருமுறை அது பக்கத்து வீட்டுக் கருவாடு.

அப்போது என் மகள் கைக்குழந்தை. நாற்றம் வரும் விடியற்காலைகளில் அவளுக்கு நெஞ்சு இழுக்கும். நான் மருந்தும் கையுமாகக் கவலைப்படுவேன். மாமா புகார் செய்வார்.

புகாரை மாநகராட்சியின் கைபேசி ஆப்பில் ஒரு செயற்கை நுண்ணறிவுக் குரலிடம்தான் சொல்ல வேண்டும். "தங்கள் புகார் பதிவாகிவிட்டது. இனிய நாள்!" என்னும் அது.

"கொயந்த இழுத்துகினு கீது, நீ இன்னாம்மா இனிய நாளுன்ற?" என்று மாமா அதனுடன் மல்லுக்கு நிற்பார்.

அவர் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தையே தெரு முழுக்க ஒப்பித்தோம். ஒரே மாதிரி இருந்ததால் எல்லாவற்றையும் ஒரே புகாராகச் சேர்த்துவிட்டது ஆப். மாமா கொதித்தார். "அவங்கவங்க மூக்கு இன்னா சொல்லுதோ அத்த சொல்லுங்கபா!"

சொன்னோம். மீன் விற்கும் ஸ்டெல்லா அக்கா, "அழுகிப்போன சுறா." டீக்கடைக்காரர், "கேஸ் லீக்கு." நான் தயங்கித் தயங்கி, "கெட்டுப்போன முட்டை மாதிரி... தோராயமாக."

மறுநாள் விடியலில் மீன் கழிவு அள்ள ஒரு லாரி, தீயணைப்பு வண்டி, முட்டையைத் தேடி ஒரு சுகாதார ஆய்வாளர் எல்லாம் எங்கள் குறுகிய தெருவில் மாட்டிக்கொண்டன. "முட்டை எங்கம்மா?" என்றார் ஆய்வாளர். மாமா நாற்காலி போட்டார். "குந்து சார். தோ, இப்ப வரும்."

வந்தது. ஆய்வாளர் கர்சீப்பைத் தேடினார்.

கொஞ்ச நாளில் தெருமுனைக் கம்பத்தில் காற்றை அளக்கும் கருவி ஏறியது. மாமா அதற்கு ரோஜா மாலை போட்டார். மாலை அதன் துளையை அடைத்துக்கொள்ள, சென்னையிலேயே சுத்தமான காற்று எங்கள் தெருவில்தான் என்றது கருவி.

மகளின் இழுப்பு மட்டும் நிற்கவில்லை. டாக்டர் சொன்னதால் தாம்பரம் பக்கம் வந்துவிட்டோம். இங்கே அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். நான்தான் விடியலில் எழுந்து காற்றை முகர்ந்து பார்க்கிறேன். ஒன்றுமே இல்லை. கதவைச் சாத்தச் சொல்லவும் ஆளில்லை.

அங்கே பல வீடுகள் காலியாம். புகார் குறைந்தால் கருவியைக் கழற்றிவிடுவார்களாம். இங்கிருந்தே புகார் சொல்லிப் பார்த்தேன். "நீங்கள் அந்த இடத்தில் இல்லை" என்றது ஆப். மாமாவுக்குப் போன் செய்து, நேரில் வரட்டுமா என்று கேட்டேன்.

"நீ வராதம்மா. பாப்பாவ பாத்துக்க. உன் பங்குக்கும் நானே மோந்துக்கிறேன்."

அந்தக் காற்றை இரண்டு பேருக்காக இழுக்க அவருக்கு இருப்பது ஒரு நெஞ்சுதானே? குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு, சில விடியல்களில் அங்கே போய் நின்று புகார் சொல்லலாமா? அங்கே குடியிருக்காதவள் சொன்னால் அது பொய்யாகுமா? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.