தூசிக்கும் பெரட்டு உண்டு

உடப்புசல்லாவை,
பங்குனி, 1986

மரியாதைக்குரிய அண்ணன் சோலைமலை அவர்களுக்குத் தங்கை சண்முகவடிவு எழுதுவது. கோத்தகிரியில் நீங்களும் அண்ணியும் குளிரைத் தாங்கி நல்லபடி இருக்க முருகன் துணை. இங்கே மழைக்கும் அட்டைக்கும் குறைவில்லை.

பெரிய பேரன் செல்லசாமி தபால் கந்தோரில் சேர்ந்துவிட்டான். அவன் தம்பி கணக்கில் வகுப்புக்கே முதல். கடைக்குட்டி, பல் முளைக்கும் முன்பே நடந்தது. எல்லாருக்கும் மேலே என் மகனின் மகள் பூரணி. அமெரிக்காவில் ஒரு மலை உச்சியில் இருந்துகொண்டு, நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கும் தூசியை ஆராய்கிறாள்.

அந்தத் தூசிதான் வம்பு. "தூசி பார்க்கவா கடல் தாண்டிப் போனா? என் பேரன் அழகுமுத்துக்குக் கட்டணும்னா மொதல்ல அது என்ன வேலைன்னு சொல்லு" என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் இந்தியா போய்ப் பிரிந்த இரண்டு வீடும் இந்தக் கல்யாணத்தில்தான் ஒட்டணும் என்பதால், ஐந்தாம் வகுப்புப் படித்த நான் சொல்கிறேன். வானத்தில் காந்த சக்தி இருக்கிறதாம், கண்ணுக்குத் தெரியாதாம். தூசியெல்லாம் அதற்குக் கட்டுப்பட்டு ஒரே சீராகத் திரும்பி நிற்குமாம். தூசியின் சூடு அகச்சிவப்பு ஒளியாக வரும், அதுவும் தெரியாது. ஒரு பக்கமாக அசையும் ஒளியை மட்டும் விடுகிற தட்டை முன்னால் வைத்துச் சுற்றினால் ஒளி கூடும், குறையும். அதை வைத்தே காந்தம் போகிற திசையைச் சொல்லிவிடுவார்களாம்.

தோட்டத்தில் விடியற்காலை வேலை பிரிக்க வரிசையில் நிறுத்துவார்களே, நம்ம அந்தப் பெரட்டுதான் அண்ணன் இது! பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பேச்சியம்மா நம்பவில்லை. நேற்றுக் காலை பனிமூட்டத்தில் அவளை லயத்து வீட்டு வாசலுக்கு இழுத்து வந்து, கீழே பெரட்டுக்கு வரிசையில் நின்ற பெண்களைக் காட்டினேன். வேலை பிரிக்கிற கண்டாக்கையா பனியில் தெரியவில்லை. ஆனால் எல்லா முதுகும் விறைப்பு, எல்லா முகமும் தண்ணித் தொட்டிப் பக்கம். "ஐயா தொட்டிக்கிட்ட நிக்கிறாரு பாரு" என்றேன். பனி விலகியது. நின்றது ஐயா வீட்டு நாய். அது வந்தால் பின்னாலேயே ஐயா வருவார் என்று அத்தனை பேரும் விறைத்திருக்கிறார்கள். ஐயா காய்ச்சலில் படுத்திருந்தாராம்.

"ஒம் பேத்தி அங்க எந்த நாயப் பார்த்துக்கிட்டு இருக்காளோ!" என்று சிரித்தாள் பேச்சியம்மா. சிரிக்கட்டும். எந்தப் பக்கம் என்று சரியாகச் சொன்னேனா இல்லையா?

ஆகவே யோசிக்க வேண்டாம். பூரணி என் பேச்சைத் தட்டமாட்டாள், நான் பொறுப்பு. அழகுமுத்துவின் போட்டோவை அனுப்புங்கள். அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

தங்கை,
சண்முகவடிவு

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் பூரணி கடிதம் வந்தது. கூட இருந்து அந்தத் தட்டைச் சுற்றுகிற பையனையே கட்டிக்கொள்ளப் போகிறாளாம். "அப்பாயி, நீங்க சரின்னு சொன்னாத்தான்" என்று கேட்டிருக்கிறாள். சரி என்று எழுதிவிட்டேன். அழகுமுத்து போட்டோ வேண்டாம். கோபத்தில் கடிதத்தை நிறுத்திவிடாதீர்கள், அண்ணன். நீங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது நான் கடைசியாகப் பார்த்த முகம். உங்களுடைய புதுப் போட்டோ ஒன்று அனுப்புங்கள்.