மதிப்பிற்குரிய வீட்டுக்காரம்மாவுக்கு

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலியும் சித்தப்பாவின் கோபமும் தணிந்திருக்கும் என நம்புகிறேன். போன கடிதத்தில் உங்கள் மாடியறை காலியாக இருக்குமா என்று கேட்டிருந்தேன். வேண்டாம் சித்தி, கட்டிலை நகர்த்தாதீர்கள்.

என் சமையலறைக் குழாய் ஒரு மாதமாக ஒழுகியது. கீழே வீட்டுக்காரம்மாவிடம் போய் "அக்கா, குழாய் ஒழுகுது" என்றால் முடிந்தது. என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே, யாரிடமும் எதையும் கேட்க வாய் வராது. அலுவலகத்தில் நாள் முழுக்கக் கடிதம் எழுதும் கை சும்மா இருக்குமா? ‘மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்’ என்று ஒரு முழுப் பக்கம் எழுதி, தேதி போட்டு, வீட்டுக்காரம்மாவின் கதவிடுக்கில் செருகிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மூன்று வருடமாக ஜன்னல் வழியே "ஏய், துணி நனையுது பாரு" என்று கத்துகிற மனுஷி, அன்று சாயங்காலம் என்னைக் கண்டதும் எழுந்து நின்று "வாங்க" என்றார். நான் விறுவிறுவென்று மாடி ஏறிவிட்டேன். மறுநாள் "நல்லா இருக்கீங்களா?" அதற்கும் மறுநாள் வாசலில் ‘வீடு வாடகைக்கு’ என்று அட்டை தொங்கியது சித்தி! ஒரு குழாய்க்காகவா வீட்டை விட்டே துரத்துவார்கள் என்று அழுகை அழுகையாக வந்தது. அந்த வேகத்தில்தான் உங்களுக்கு எழுதினேன்.

நேற்று வீடு பார்க்க ஒரு குடும்பம் வந்தது. என் புத்தக அலமாரியைக் காட்டி, "இத எடுத்துட்டா இங்க டிவி வெச்சிடலாம்" என்றார்கள். வந்ததே ஒரு ரோஷம், விடுவிடுவென்று கீழே இறங்கினேன்.

"நான் என்னக்கா தப்பு பண்ணேன்? ஏன் என்னப் போகச் சொல்றீங்க?"

"நான் எங்கடி சொன்னேன்? நீதான லெட்டர் குடுத்தே!"

"அதுல குழாயப் பத்தித்தான எழுதியிருந்தேன்?"

"யாரு படிச்சா? முதல் வரியப் பாத்ததுமே எனக்கு நெஞ்ச அடைச்சிருச்சு. உனக்கு முன்னால இருந்தவளும் மதிப்பிற்குரியன்னுதான் ஆரம்பிச்சா, ரெண்டே நாள்ல லாரி வந்து நின்னுச்சு. போறவங்கதான் இவ்ளோ மரியாதை குடுப்பாங்க. சரி, நாமளும் மரியாதையா அனுப்பி வெப்போம்னு பாத்தேன். வாயில என்ன பூட்டா போட்டிருக்கு உனக்கு, கழுத?"

கழுதை என்றதும்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவரே அட்டையைக் கழற்றி இரண்டாகக் கிழித்தார். பிறகு இருவரும் கொஞ்சம் அழுது, நிறையச் சிரித்து, டீ குடித்தோம். நான் மரியாதை என்று நினைத்து எழுதியது அவர் காதில் ‘போய் வருகிறேன்’ என்று விழுந்திருக்கிறது.

உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் என் அன்பும் வணக்கமும்.

இப்படிக்கு,
வீடு பிழைத்த உங்கள் மகள்

பி.கு.: குழாய் இன்னும் ஒழுகுகிறது. நேற்றைய சந்தோஷத்தில் இருவருமே அதை மறந்துவிட்டோம். "இனிமே எங்கிட்ட பேப்பர நீட்டுனே, கைய ஒடிச்சிடுவேன்" என்று சொல்லியிருக்கிறார். வாயோ மறுபடி பூட்டிக்கொண்டது. நீங்கள் அவருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்களேன். மரியாதையெல்லாம் வேண்டாம்.