பிரசவச் சம்பளம் கொடுத்த வள்ளல்

சிட்னியில் குடும்ப முதலாளி என்றொரு இனம் உண்டு. டூங்கபிப் பக்கம் போனால் தாராளமாகப் பார்க்கலாம். மூன்று பேர் வேலை செய்யும் கடையை வைத்துக்கொண்டு, "இது கடை இல்லை, ஒரு குடும்பம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும். வேலையாளின் பிறந்தநாளுக்குக் கடையில் விலைப்படாத கேக்கை வெட்டும். சம்பள உயர்வு என்ற பேச்சு எழுந்தால் மட்டும் குடும்பத்தை மறந்து வியாபார நிலவரம் பேசும். அஃறிணையில் எழுதுகிறேனே என்று கோபப்பட வேண்டாம். நானும் அந்த இனம்தான். பலசரக்குக் கடை, இருபத்திரண்டு வருடம்.

வேலையாள் ஒருத்தி கர்ப்பமாக இருப்பதாக வந்து சொல்லும்போதுதான் இந்த இனத்தின் முழு அழகும் தெரியும். முகம் சிரிக்கும், வாய் வாழ்த்தும், மனம் மட்டும் சனிக்கிழமை கல்லாவில் யாரை நிறுத்துவது என்று யோசிக்கும். எங்கள் கல்லாவில் நிற்கும் தர்ஷனா சொன்னபோது நானும் சிரித்தேன், வாழ்த்தினேன், யோசித்தேன். பிறகு லண்டனில் கடை வைத்திருக்கும் மச்சானுக்கு போன் எடுத்தேன். சிட்னிச் சட்டத்தை லண்டனிலா கேட்பது என்கிறீர்களா? எங்கள் ஆட்கள் வேறு எங்கே கேட்பார்கள்?

"முதல் நீ உன்ரை கையால குடுக்க வேணும்," என்றார் மச்சான். "பிறகு அரசாங்கத்திட்டைக் கேட்டு எடுக்கலாம். சின்னக் கடையெண்டா குடுத்ததைவிடக் கூடத் தருவாங்கள்."

கூடத் தருவார்கள்! அந்த ஒரு சொல் என்னை வள்ளலாக்கிவிட்டது. வளைகாப்பு மண்டபத்தில் ஒருவரும் கேட்காமலே மைக்கைப் பிடித்தேன். "தர்ஷனா எங்கடை பிள்ளை. அஞ்சு மாசம் சம்பளத்தோடை லீவு குடுக்கிறன்!" கைதட்டினார்கள். அவளுடைய மாமியார் கண்ணைத் துடைத்தார்.

பிள்ளை பிறந்தது. கொடுத்தேனா? சரக்கு இறக்கியிருந்த நேரம்; கையில் கொஞ்சம் காசு புரளட்டும் என்று காத்திருந்தேன். தர்ஷனாவின் கணவன் நிரோஜன் போன் எடுத்தபோதெல்லாம், "அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டித்தான் குடுக்க வேணும் தம்பி, இழுபடும்" என்றேன். இதற்கிடையில் அரசாங்கத்திலிருந்து மின்னஞ்சல்கள் வந்துகொண்டிருந்தன. நான் திறக்கவில்லை. அரசாங்கம் எழுதினால் காசு கேட்கத்தான் எழுதும் என்பது இந்த இனத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை.

ஏழாவது கிழமை, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தர்ஷனா கடைக்கு வந்தாள்.

"அங்கிள், சனி ஞாயிறு மட்டும் வேலைக்கு வரட்டே?"

பார்த்தீர்களா, கடையைப் பிரிந்திருக்க அவளால் முடியவில்லை என்று எனக்கு ஒரே புளகாங்கிதம். "என்ன பிள்ளை, அவ்வளவு அவசரம்?"

"வாடகை ரெண்டு கிழமை பிந்திப்போச்சு, அங்கிள்."

ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். பிரசவச் சத்திரசிகிச்சைக் காயம் இன்னும் முழுதாக ஆறவில்லையாம். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

அன்றே கணக்காளர் விமலாவிடம் ஓடினேன். அவர் என் மின்னஞ்சல்களைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணை, இது லண்டன் இல்லை. இங்கை அரசாங்கம் முதலே உங்களுக்கு அனுப்பும்; அதை அவவிட்டைக் குடுக்கிறது மட்டும்தான் உங்கடை வேலை. ஓம் எண்டு பதில் போடச் சொல்லி மூண்டு தரம் எழுதியிருக்கினம். உங்கடை காசு இதிலை ஒரு சதமும் இல்லை."

பதில் போட்டோம். காசு வந்தது. வந்த அன்றே, பிந்திய கிழமைகளுக்கும் சேர்த்து அவளுக்கு அனுப்பிவைத்தேன்.

மாலையில் தர்ஷனா போன் எடுத்தாள். அழுதாள். "அங்கிள், சொந்தக்காரர் கூட இப்பிடிச் செய்ய மாட்டினம். நீங்கள் இல்லாட்டி நாங்கள் என்ன செய்திருப்பம்?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. இது அரசாங்கக் காசு பிள்ளை, நான்தான் இவ்வளவு நாளும் மறித்து வைத்திருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சீ, இதிலை என்ன இருக்கு பிள்ளை."

உங்களுக்குக் கடை இல்லை என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் யாரோ கொடுத்த ஒன்று உங்கள் கைவழியாகப் போய், வாங்கியவர் கண்கலங்கி உங்களுக்கு நன்றி சொன்ன நாள் ஒன்று உங்களுக்கும் இருக்குமே. அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்?