ராய்ஸின் இரட்டைக் கழுத்து

“என் அயர்ன் டேபிளுக்குக் கால் எங்கே?”

நெல்டா சமையலறை வாசலில் நின்று கேட்டாள். கையில் பலகை மட்டும் இருந்தது.

ராய்ஸ் தட்டிலிருந்த பீன்ஸைக் கிளறினான். அவசரமாகச் சாப்பிட உட்கார்ந்ததில், ஸ்டீல் கிட்டார்காரர்கள் விரலில் மாட்டிக்கொள்ளும் தகர நகங்களைக் கழற்ற மறந்துவிட்டான். ஸ்பூனைத் தொடும்போதெல்லாம் அது டிக் டிக் என்று அவனைக் காட்டிக்கொடுத்தது.

“ஏங்க, நீங்க நின்னுக்கிட்டு வாசிக்கிற சாதா கிட்டார்க்காரர்தானே? இந்த நகம் எங்க அண்ணன் மாட்டுறதாச்சே?”

“ஒரு ஃப்ரெண்டுக்கு சைஸ் பார்க்கறேன்.”

“டேபிள் காலும் அந்த ஃப்ரெண்டுக்குத்தானா? பாவம், நடக்க முடியாதவரா?”

ராய்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டான். கல்யாணமான நாளிலிருந்து வாக்குவாதங்களை அவன் இப்படித்தான் ஜெயித்து வருகிறான்.

விஷயம் இதுதான். எங்கள் டெக்ஸஸ் பக்கம் சனிக்கிழமை ராத்திரி யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஊரே குபாலா ஹாலில்தான் ஆடும். அந்த மேடையில் ஐந்து பேர் வாசிப்பார்கள். ராய்ஸ் எலெக்ட்ரிக் கிட்டார். அவன் பெண்டாட்டியின் அண்ணன் லோனி ஸ்டீல் கிட்டார். உட்கார்ந்து, கிட்டாரை மல்லாக்கப் போட்டு, தந்தி மேல் இரும்புத் துண்டை வழுக்கி அழவைக்கிற வேலை. அப்புறம் பிடில், டிரம்ஸ், மூலையில் தும் தும்மென்று அடித்தளம் போடும் பேஸ்.

ஹாலின் சொந்தக்காரி அடேலா குபாலா செப்டம்பர் தொடக்கத்தில் ஒருநாள், கொலாச்சி ரொட்டித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, போகிற போக்கில் சொன்னாள்: “அக்டோபர்ல இருந்து மேடையில நாலு பேர்தான். அதுக்குத் தகுந்த மாதிரி பார்த்துக்கோங்கப்பா.”

சொல்லிவிட்டு அடுப்பில் இன்னொரு தட்டு கருகுகிறது என்று உள்ளே ஓடிவிட்டாள். ராய்ஸ் அன்று முழுக்கக் கணக்குப் போட்டான். பிடிலை எடுக்க முடியாது, பிடில் இல்லாமல் இந்த ஊரில் கல்யாணம்கூடச் செல்லாது. டிரம்ஸ் அடிப்பவன் அடேலாவின் மருமகன், அவனை எடுத்தால் அவள் மகள் பேசமாட்டாள். பேஸ் வாசிக்கிற ஹூபர்ட் கணக்கிலேயே வரவில்லை. ஹாலுக்கு நாலு தூண், ஹூபர்ட் ஐந்தாவது தூண். தூணை யார் எடுப்பார்கள்? ஆக மிச்சம் தானும் லோனியும்தான் என்று முடிவுக்கு வந்தான்.

வாரம் முழுக்க ராய்ஸ் அடுத்தவர் வீட்டு அலமாரிக் கதவு ஒழுங்காக மூடுகிறதா என்று பார்க்கிற தச்சன். சனிக்கிழமை மட்டும்தான் ஊர் அவனை நிமிர்ந்து பார்க்கும், மேடை உயரமாக இருப்பதால். அதுவும் போய்விட்டால் தான் யாருமே இல்லை என்று அவனுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஒரே கிட்டார் உடம்பில் இரண்டு கழுத்து. மேலே எலெக்ட்ரிக் கிட்டார், கீழே ஸ்டீல் கிட்டார். ஒரே ஆள் இரண்டையும் வாசித்தால் லோனியை யாரும் நீக்கவே வேண்டாம். தேவையில்லாமல் ஆக்கினால் போதும். இதை ராய்ஸ் துரோகம் என்று நினைக்கவில்லை. தச்சுவேலை என்று நினைத்தான்.

மேப்பிள் பலகையில் அழகாகத்தான் செய்தான். தோளில் மாட்டிப் பார்த்தபோதுதான் அது கிட்டார் இல்லை, கட்டில் என்று தெரிந்தது. வாரை அறுத்துக்கொண்டு கால் கட்டைவிரலில் விழுந்தது.

எடையைக் குறைக்க உள்ளே மரத்தைக் குடைந்தெடுத்தான். எடை குறைந்தது. ஆனால் ஆம்ப்ளிஃபையரைப் போட்டதும் உள்ளே காலியாகக் கிடந்த உடம்பு தானாக ஊளையிட்டது. பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது. ஊளையை அடக்க உள்ளே எதையாவது அடைக்க வேண்டும், வீட்டில் அதற்குத் தோதாக இருந்தது நெல்டாவின் சோபா மட்டும்தான்.

சோபா ஸ்பாஞ்சோடு சேர்ந்து பழைய எடையே வந்துவிட்டது. எனவே தோள் வேண்டாம், ஸ்டாண்டு வைக்கலாம் என்றுதான் அயர்ன் டேபிளின் கால்கள் போயின. ஸ்டாண்டு பிரமாதம். என்ன, ஸ்டீல் தந்தியை அழுத்தி ஒரு வழுக்கு வழுக்கினால் கால் மடங்கி விரலைக் கடித்தது. அயர்ன் டேபிள் மடங்கத்தானே செய்யும், அதன் குணம் அது.

இரும்பு ஸ்டாண்டு வேண்டும். ஊரில் நல்ல வெல்டர் ஒருவன்தான். மாட்டுப் பண்ணைகளுக்கு கேட் செய்கிறவன். பெயர் லோனி.

“வா மாப்ளே!” என்று லோனி பட்டறையிலிருந்து கையை ஆட்டினான். ஆட்டிய இடது கையில் நாலு விரல் நுனியிலும் பிளாஸ்திரி.

“என்ன மச்சான், கையில?”

“வெல்டிங் பொறி பட்டுருச்சு. என்ன வேணும்?”

“ஒரு ஸ்டாண்டு. கன்னுக்குட்டிக்குத் தண்ணித் தொட்டி வைக்க.”

“கன்னுக்குட்டி வாங்கியிருக்கியா?”

“வாங்கணும்.”

லோனி அளவெடுத்துக்கொண்டான். தொட்டி ஏன் சாய்வாக நிற்க வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. அதற்காக ராய்ஸ் அவனை மனதுக்குள் முட்டாள் என்று அன்போடு திட்டினான்.

“பதிலுக்கு நீ எனக்கு ஒரு பலகை அறுத்துக் குடுக்கறியா மாப்ளே? எங்க வீட்டுச் சமையல் மேடைக்கு. நடுவுல ஒரு வளைவு, இப்படி, இப்படி.”

“இடுப்பு வச்ச சமையல் மேடையா?”

“பொண்டாட்டி ஆசைப்படுறா.”

ராய்ஸ் பலகையை அறுத்துக் கொடுத்தான். மனசு உறுத்தியதால் ஓரமெல்லாம் நன்றாகத் தேய்த்தும் கொடுத்தான். போகும்போது லோனி, “ஆமா, கிட்டார்ல அந்த எஃப் கார்டு இருக்கே, அதைப் புதுசா கத்துக்கிறவன் எப்படிப் பிடிப்பான்? ஒரு ஃப்ரெண்டு கேட்டான்” என்றான். ராய்ஸ் சொல்லிக்கொடுத்தான். ஃப்ரெண்டுகள் பெருகிவிட்ட ஊர் எங்களுடையது.

இரும்பு ஸ்டாண்டு அசையவில்லை. இரண்டு பேர் தூக்கினாலும் அசையவில்லை. அடுத்த தலைவலி, மேல் கழுத்தை வாசிக்கும்போது கையிலிருக்கும் இரும்புத் துண்டை எங்கே வைப்பது? பாக்கெட்டில் போட்டான், பேன்ட் இறங்கியது. நெல்டாவின் ஃப்ரிட்ஜிலிருந்து பெரிய காந்தமாகப் பார்த்து எடுத்து உடம்பில் பதித்தான். இரும்புத் துண்டு போய் நச்சென்று ஒட்டிக்கொண்டது. திரும்ப வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பவேண்டியிருந்தது.

“ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்த எங்கம்மா போட்டோ கீழ கிடக்கு” என்றாள் நெல்டா ஷெட் வாசலில் நின்று. “சோபால உட்கார்ந்தா தரை தட்டுது. துணியெல்லாம் சுருக்கமாப் போட்டுக்கிட்டு சர்ச்சுக்குப் போறோம். உள்ள என்னதான் நடக்குது?”

“சனிக்கிழமை தெரியும்.”

“சனிக்கிழமைக்குள்ள கதவு, ஜன்னலையாவது விட்டு வைங்க.”

அவள் போன கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. ஹூபர்ட். ராய்ஸ் பாய்ந்து கிட்டார் மேல் போர்வையைப் போர்த்தினான்.

“ராய்ஸு, அந்த நாலு பேர் விஷயமா ஒரு வார்த்தை...” என்று ஆரம்பித்தார் ஹூபர்ட். ஒரு வாக்கியத்தை அவர் முழுசாக முடித்து யாரும் கேட்டதில்லை. எப்போதும் அடுத்தவர்கள் முடித்துவிடுவார்கள்.

“அண்ணே, உங்களுக்கு என்ன கவலை? உங்க இடத்தை யாரு தொடப்போறா?”

“அது இல்லப்பா, அடேலாகிட்ட நான்...”

“நான் பார்த்துக்கறேன்ணே. நீங்க நிம்மதியா போங்க.”

“நிம்மதியாத்தான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு ஹூபர்ட் போனார். நல்ல மனுஷன், உளவு பார்க்கக்கூடத் தெரியவில்லை என்று ராய்ஸ் அனுதாபப்பட்டான்.

கடைசியாக ஒரு ஸ்விட்ச். ஒரு கழுத்தை வாசித்தால் இன்னொன்று கூடவே முனகியது. அதனால் எந்தக் கழுத்து பேசவேண்டும் என்று மாற்ற வராந்தா லைட் ஸ்விட்சைப் பிடுங்கி வைத்தான். ஒயர் இடம் மாறிவிட்டது. மேலே தட்டினால் கீழே பேசியது, கீழே தட்டினால் மேலே. மறுபடி பிரிக்கச் சோம்பலாக இருந்ததால், தலைகீழாக ஞாபகம் வைத்துக்கொள்வதென்று தீர்மானித்தான். இப்படித் தீர்மானிக்கிற ஆட்கள் செய்த அலமாரிகள்தான் எங்கள் ஊர் முழுக்க இருக்கின்றன.

செப்டம்பரின் கடைசிச் சனிக்கிழமை. ராய்ஸ் சீக்கிரமே போய், தீவனக் கடைப் பையன்கள் உதவியோடு அதை மேடையில் ஏற்றி, போர்வையால் மூடிவிட்டான். மேடையில் பாதி நிறைந்தது. திரும்பிப் பார்த்தால் லோனியும் பின்பக்கக் கதவு வழியாக எதையோ தார்ப்பாயில் சுற்றி இழுத்துக்கொண்டு வருகிறான். மீதிப் பாதியும் நிறைந்தது.

“என்ன மச்சான் அது?”

“அது என்ன மாப்ளே?”

“முதல்ல நீ சொல்லு.”

இருவரும் ஒரே நேரத்தில் உருவினார்கள். இரண்டு கழுத்து இங்கே, இரண்டு கழுத்து அங்கே.

“அட பாவி! கன்னுக்குட்டித் தொட்டின்னு சொல்லி என்கிட்டயே வெல்டு பண்ணிக்கிட்டியா?”

“நீ மட்டும்? சமையல் மேடை! அந்த இடுப்பை நான்தானேய்யா தேச்சுக் குடுத்தேன்!”

“கூடப் பிறந்தவ புருஷனாச்சேன்னு எஃப் கார்டுக்கு நன்றி வேற சொன்னேன்.”

“பொண்டாட்டியோட அண்ணனாச்சேன்னு ஓரத்தை வழவழன்னு ஆக்கினேன்.”

கோபத்தைவிட இருவருக்கும் அதிகமாக இருந்தது வெட்கம். அதை மறைக்க ஒரே வழிதான் உண்டு என்று இருவருமே பெருஞ்சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்கள்.

அது வால்ட்ஸ் நடனப் பாட்டு என்று பிடில்காரர் நினைத்தார். ராய்ஸ் மேல் கழுத்தை வாசித்தான், ஸ்விட்ச் கீழ்க்கழுத்தில் இருந்தது, உர்ரென்ற சத்தம் தவிர ஒன்றும் வரவில்லை. தட்டினான். தலைகீழா, தலைகீழுக்குத் தலைகீழா என்று மறந்துபோனது. இரும்புத் துண்டு காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. லோனியின் கதை அதைவிட மோசம். பண்ணை கேட் செய்கிற கை அல்லவா? போகப் போக நெருங்கி வரவேண்டிய கிட்டார் கழுத்தின் குறுக்குக் கம்பிகளை, பண்ணை கேட்டின் கம்பி மாதிரி ஒரே சம இடைவெளியில் பதித்திருந்தான். பார்க்க வெகு ஒழுங்கு. மூன்றாவது கம்பியைத் தாண்டியதும் ஒரு சுரம்கூட இந்த உலகத்தைச் சேர்ந்ததாக இல்லை.

ஆனால் தரையில் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குக் கால் தப்பவே இல்லை. மூலையில் ஹூபர்ட் கண்ணை மூடிக்கொண்டு தும், தும், தும் என்று தட்டிக்கொண்டிருந்தார். ஜோடிகள் எப்போதும்போல ஹாலை வட்டமாகச் சுற்றி வந்தார்கள். நெல்டா யாரோ ஒரு பண்ணைக்காரருடன் ஆடியபடி மேடையைத் தாண்டும்போது, “அது என் டேபிளோட காலு!” என்று கத்திவிட்டுப் போனாள்.

இடைவேளை வந்ததும் இருவரும் வேர்த்து வழிய அடேலாவிடம் ஓடினார்கள். அவள் கவுன்டரில் கொலாச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அடேலாம்மா, நீங்களே சொல்லிடுங்க” என்றான் ராய்ஸ். “எனக்கு இந்தச் சனிக்கிழமையை விட்டா வேற ஒண்ணும் இல்லை. யாரு இருக்கணும், யாரு போகணும்?”

“அவன் சொல்றதுதான் எனக்கும்” என்றான் லோனி. “ஆனா அவன் போகணும்னா... சரி, நான் போறேன். என் தங்கச்சி அவன்கூட வீட்லயே சனிக்கிழமையும் இருந்தா செத்துப் போயிடுவா.”

ராய்ஸ் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான். “வேண்டாம் மச்சான். நீயே இரு. உன் ஸ்டீல் இல்லாம என்னால வாசிக்கவே முடியாது.” அவன் சொன்னது உண்மை. சொன்ன பிறகுதான் அது உண்மையென்று அவனுக்கே தெரிந்தது.

அடேலா ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள். இரும்பும் மரமும் ஸ்பாஞ்சும் நிறைந்து கிடந்த அந்த மேடையின் மூலையில், ஹூபர்ட் தன் பேஸை நிதானமாக உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

அவள் விரலை நீட்டி ஒவ்வொரு கழுத்தாக எண்ணினாள்.

“நாலு கழுத்து செஞ்சிருக்கீங்க, சந்தோஷம், ஆனா அக்டோபர்ல இருந்து தன் மக வீட்டோட போய் இருக்கப்போறேன்னு மேடையை விட்டு நின்னுக்கிட்டது ஹூபர்ட்தானேப்பா, இதுல பேஸ் வாசிக்கிற கழுத்து எது?”