படிக்கட்டு நீக்கப்பட்டது தொடர்பாக

அநீதி இழைக்கப்பட்டவள் அக்கா. இழைக்கப்பட்ட விதம்: மூன்றாம் மாடியில் வீடு கொடுத்தார்கள், படிக்கட்டு கொடுக்கவில்லை.

சாவி கொடுத்தார்கள். "வாழ்த்துகள்" என்று அச்சடித்த அட்டைகூடக் கொடுத்தார்கள். கடன் வாங்கி முழுப்பணமும் கட்டி, வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டு, இடுப்பில் கைக்குழந்தையோடு வந்த அக்கா கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் தங்கைக்குப் போன் போட்டாள்.

"ஏன்டி, ஏறுற வழி எந்தப் பக்கம்?"

தங்கையிடம் கேட்டதில் நியாயம் உண்டு. அந்தக் கட்டடத்தைக் கட்டிய நிறுவனத்தில் செலவைக் கண்காணிக்கும் செயற்கை நுண்ணறிவு முகவருக்கு விளக்கம் எழுதிக் கொடுப்பவள் அவள்தான். முகவர் என்றால் கைகால் உள்ள ஆள் இல்லை. கணினிக்குள் குடியிருக்கும் மென்பொருள். ஆபீஸில் அதற்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். அதனிடம் பல கருவிகள் உண்டு. பில்லைப் படிக்க ஒன்று, ஆர்டரை ரத்து செய்ய ஒன்று. எதை எதற்கு எடுக்கலாம், எதை எப்போது தொடவே கூடாது என்று ஒருவர் எழுதித் தரவேண்டும். எழுதியதை அது அப்படியே செய்யும், ஒரு எழுத்து கூடாமல் குறையாமல். மனிதர்களிடம் இல்லாத இந்த நல்ல குணம்தான் வினையாயிற்று.

இரட்டை பில் கருவிக்குத் தங்கை எழுதியது இது: "ஒரே பில் இரண்டு தடவை வந்தால் இரண்டாவதை நிறுத்து. வேறு எதையும் தொடாதே."

மேலாளர் படித்துவிட்டு முகம் சுளித்தார். அவருக்கு 'ஆவன' என்று பட்டப்பெயர். 'ஆவன செய்க' என்று முடியாத தாளில் அவர் கையெழுத்து விழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

"என்னம்மா இது, கடைக்கு ஆள் அனுப்புற மாதிரி எழுதியிருக்க? ஒரு கம்பீரம் வேண்டாமா?"

"சார், அதுக்குக் கம்பீரம் புரியாது. வார்த்தைதான் புரியும்."

"யுனிவர்சிட்டியில வாதம் பண்ணியே பழகிட்ட. இது ஆபீஸ்மா."

அவர் திருத்தியது: "ஒரே நோக்கத்திற்கான இரு செலவினங்கள் நேரிடும் பட்சத்தில், அவற்றுள் உயர்ந்ததை நீக்கி ஆவன செய்க."

கணக்கப்பிள்ளை ஆவன செய்தது.

முதலில் பின்கதவுகள் போயின. முன்கதவும் பின்கதவும் உள்ளே நுழையும் ஒரே நோக்கத்திற்கானவை. பின்கதவு இரும்பு, விலை அதிகம். ஆபீஸுக்கு மாற்றவிருந்த பின்கதவும் தப்பவில்லை. அந்த இடத்தில் சுவர் எழும்பியது. அடுத்து ஜன்னல்கள். ஜன்னலும் பல்பும் வெளிச்சத்துக்குத்தான், பல்பு மலிவு. தங்கை ஒவ்வொரு தடவையும் மேலாளரின் மேஜைமுன் நின்று கத்தினாள். அவரோ சிக்கனத்துக்குப் பரிசாகத் தலைமையகம் அனுப்பிய கண்ணாடிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு படிக்கட்டின் முறை. படிக்கட்டும் லிஃப்டும் மேலே போகத்தான். படிக்கட்டு அடைக்கும் இடத்தில் இன்னொரு அறை கட்டி விற்கலாம். ஆகவே படிக்கட்டுதான் விலை உயர்ந்தது. கட்டும்வரை எல்லாரும் சாரத்தில் ஏறி இறங்கியதால் ஒருவருக்கும் உறைக்கவில்லை. சாரத்தைப் பிரித்தாயிற்று.

தங்கை போய்ச் சேர்ந்தபோது, கீழே லிஃப்ட் மெக்கானிக் மோட்டாருக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார்.

"மாட்டலையாண்ணே?"

"மோட்டாரை மேலதான் மாட்டணும். மேல எப்படிம்மா போறது?"

"லிஃப்ட்ல..." என்று ஆரம்பித்து, தங்கை வாயை மூடிக்கொண்டாள்.

"அதேதான்," என்றார் மெக்கானிக். "சாரம் திரும்பக் கட்டுங்கன்னு கேட்டேன். லிஃப்டும் சாரமும் ஒரே நோக்கமாம். லிஃப்டுக்குப் பணம் கட்டியாச்சாம், சாரம்தான் புதுச் செலவாம். உங்க கணக்கப்பிள்ளை சொல்லுது."

அக்கா குழந்தையை இடுப்பு மாற்றினாள். "நீ எழுதினதுதானே? இப்ப எழுதியே என்னை மேல ஏத்து."

அக்காவையும் குழந்தையையும் தன் அறைக்குக் கூட்டிப்போனாள் தங்கை. நிறுவனம் கொடுத்த அறை, ஒற்றைக் கட்டில். அக்காவும் பிள்ளையும் கட்டிலில், வாதத்திறமை தரையில்.

மறுநாள் மேலாளரிடம் நேராகவே கேட்டாள்.

"பழைய வாக்கியத்தையே திரும்பப் போட்டுடலாம் சார். படிக்கட்டு வந்துடும்."

"படிக்கட்டு வந்தா செலவு ஏறும். செலவு ஏறினா கோப்பையைத் திருப்பிக் கேப்பாங்களே."

"எங்க அக்கா எங்க சார் இருப்பா?"

"உணர்ச்சிவசப்படாதம்மா. முறைப்படி மனு போடு. கணக்கப்பிள்ளை பாரபட்சமே பார்க்காது."

தங்கை மனு போட்டாள். சும்மா போடுவாளா? ஆதாரம், எதிர்வாதம், எதிர்வாதத்துக்கு மறுப்பு எல்லாம் சேர்த்துப் போட்டாள். அக்கா தன் அறையில் ஒண்டியிருப்பதை எழுதினாள். தான் ஒழுங்காக எழுதியதை மேலாளர் உட்கார்ந்து திருப்பி எழுதிய கதையையும் ஒரு வரி விடாமல் எழுதினாள்.

கணக்கப்பிள்ளையின் பதில் வந்தது, அச்சு அசல் மேலாளரின் நடையிலேயே. மேலாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆபீஸே கேட்கும்படி, தன் நடையைத் தானே ரசித்து வாசித்தார்.

"தங்கள் மேலான மனு கிடைக்கப்பெற்றுக் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. தங்கள் அறையும் தங்கள் அக்காவின் வீடும் குடியிருத்தல் என்னும் ஒரே நோக்கத்திற்கானவை எனத் தெரியவருவதால், உயர்ந்ததாகிய மூன்றாம் மாடி வீடு நீக்கப்படுகிறது. வீடு இல்லாத நிலையில் படிக்கட்டு குறித்த தங்கள் குறையும் தீர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது."

"ஆஹா! எவ்வளவு தெளிவு பார்த்தியா?" என்றார் மேலாளர். தங்கை தாளைப் பிடுங்கப் போனாள்.

"இன்னும் இருக்கு," என்று அவர் அடுத்த பத்தியையும் அதே உற்சாகத்தில் தொடங்கினார்.

"மேலும், ஒரு விளக்கத்தை எழுதத் தாங்களும், அதையே திருப்பி எழுத மேலாளரும் அமர்த்தப்பட்டுள்ளமை தங்கள் மனுவால் தெரியவருகிறது. ஒரே நோக்கத்திற்கான இரு செலவினங்களுள் உயர்ந்தது இன்றுடன் நீக்கப்படுகிறது. பின்கதவு இல்லாதபடியால், மேலாளர் அனைவரும் பார்க்க முன்வாசல் வழியாகவே வெளியேற ஆவன செய்க."